பதிவேடு இரண்டு, செவிலியர் ஒருவர்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் மாறவில்லை. ஏழாம் மாதம்வரை மதுரையில் பரிசோதனைக்குப் போன பெண், வளைகாப்பு முடிந்ததும் தஞ்சாவூருக்கு வந்துவிடுகிறார். ரத்தம் எவ்வளவு இருந்தது, சர்க்கரை இருந்ததா, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் முன்பு அவர் கையில் இருந்த அட்டைதான் சொல்ல வேண்டும். அட்டை தொலைந்தால் எல்லாம் முதலிலிருந்துதான். இன்று 'பிக்மி' இணையப் பதிவில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் உண்டு. ஊர் மாறினாலும் அந்த எண் கூடவே வருகிறது. கணினிப் பதிவால் கிடைத்த நன்மைகளில் இது மிகப் பெரியது.

ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் உழைப்பவர் யார் என்பது பேசப்படுவதே இல்லை.

சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியர்தான் தடுப்பூசி போடுகிறார், கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிறார், குழந்தை பெற்றவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார். பார்த்ததை ரிஜிஸ்டரில் எழுதுகிறார். அதையே மறுபடி இணையத்தில் ஏற்றுகிறார். பிறப்புச் சான்றிதழுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அந்த எண் வேண்டும் என்பதால், பதிவு தாமதமானால் குடும்பத்தார் நேராக அவரிடம்தான் வருவார்கள். நெட் கிடைக்கவில்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்றால் கேட்பவர்கள் ஏற்பார்களா? கணினி வேலைக்குத் தனி ஆள் போடுங்கள் என்று செவிலியர் சங்கங்கள் கேட்பது இதனால்தான். அது நியாயமான கோரிக்கை.

பணம் கொட்டிக் கணினி வாங்கிய நாட்டிலும் இதே சிக்கல்தான். அமெரிக்கா 2009-ல் தனிச் சட்டமே இயற்றி, மின்னணுப் பதிவுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. மாறினார்கள். 2016-ல் அங்கே 57 மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வில், நோயாளியோடு அவர்கள் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போவது தெரிந்தது. வீட்டுக்குப் போன பிறகும் இரவில் அந்த வேலை தொடர்ந்தது.

இதற்கு ஒரு வழியை ஹவாய் காட்டியிருக்கிறது. அங்குள்ள ஹவாய் பசிபிக் ஹெல்த் மருத்துவமனைகள், பதிவில் எது வீண் வேலை என்று 2017-ல் ஊழியர்களிடமே கேட்டன. வளரிளம் வயதினரைக் கவனிக்கும் ஒரு செவிலியர், தொப்புள்கொடி பற்றிய கட்டம் தன் திரையிலும் வருவதைச் சுட்டிக்காட்டினார். பச்சிளங்குழந்தைகளுக்கு மட்டும் வர வேண்டிய கேள்வி அது! மணிக்கொரு முறை நோயாளியைப் பார்த்ததாக செவிலியர்கள் கணினியில் குறிக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. ஒரு தடவைக்கு 24 விநாடிதான். நான்கு மருத்துவமனைகளிலும் சேர்த்துக் கணக்கிட்டால் மாதம் சுமார் 1,700 மணி நேரம். அந்தக் குறிப்பை நீக்கினார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

இங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு செயலி வருகிறது. எந்தச் செயலியும் பழைய ரிஜிஸ்டரை விடைபெறச் செய்வதில்லை. மேலதிகாரி ஆய்வுக்கு வந்தால் நோட்டைக் கேட்பார், கூட்டம் நடந்தால் கணினிக் கணக்கைக் கேட்பார் என்ற பயத்தில் இரண்டையும் சுமப்பது களத்தில் இருப்பவர்தான். இதைத் தீர்க்கப் பெரிய செலவு ஆகாது. இணையத்தில் ஏறிய விவரத்தை மறுபடி காகிதத்தில் கேட்கக் கூடாது என்று ஓர் அரசாணை போதும். அடுத்த செயலியைக் கொண்டுவருவதற்கு முன், இப்போது இருக்கும் கட்டங்களில் எவை வேண்டாம் என்று கிராம சுகாதார செவிலியர்களை அழைத்து சுகாதாரத் துறை கேட்க வேண்டும்.