முதுகுவலிக்கு நரம்பைச் சுடும் சிகிச்சை: கத்தி இல்லை, தையல் இல்லை... வலி போகுமா?

"ஆபரேஷன் இல்லை, தையல் இல்லை, காலையில் வந்து சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்." மாசக்கணக்கில் முதுகுவலியோடும் கழுத்துவலியோடும் மல்லுக்கட்டுகிறவர்களின் மொபைலில் இந்த மாதிரி விளம்பரங்கள் வந்து நிற்பது புதுசு இல்லை. அதில் சொல்லப்படும் சிகிச்சைக்குப் பெயர் ரேடியோ ஃப்ரீக்வன்சி அப்லேஷன். சுருக்கமாக ஆர்.எஃப்.ஏ. வலியைக் கடத்தும் நரம்பை ஊசி முனையின் சூட்டால் செயலிழக்க வைப்பதுதான் இது.

ஆனால் 2025 பிப்ரவரியில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இந்த சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. அதே பிரிட்டனில், நைஸ் என்ற அரசு அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, குறிப்பிட்ட சிலருக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அப்போ யார் சொல்வதைக் கேட்பது?

எந்த நரம்பைச் சுடுகிறார்கள்?

குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான். நம்ம ஊரில் 'நரம்பு' என்றாலே கை, காலுக்குப் போகும் பெரிய நரம்புதான் ஞாபகத்துக்கு வரும். "நரம்பைச் சுட்டா கால் விளங்காமப் போயிடுமே?" என்ற பயமும் அதனால்தான்.

முதுகெலும்பில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே முன்பக்கம் டிஸ்க் இருக்கிறது. பின்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு சின்ன மூட்டுகள் இருக்கின்றன. ஃபேசட் மூட்டு என்று பெயர். குனிவதற்கும் திரும்புவதற்கும் இவைதான் துணை. முழங்கால் மாதிரியே இவையும் தேயும், வலிக்கும். அந்த வலியை மூளைக்குக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புதான் மீடியல் பிராஞ்ச். சுடப்படுவது இது மட்டுமே. கை, காலை இயக்கும் நரம்பு வேறு. அதன் பக்கத்தில் ஊசி போய்விடக் கூடாது என்பதால், சுடுவதற்கு முன்னால் லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். கால் துடித்தால் ஊசியை இடம் மாற்றுவார்கள்.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியை உள்ளே செலுத்துகிறார்கள். ஊசி முனை சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். ஒரு இடத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம். ஒரு மூட்டுக்கு இரண்டு நரம்புகள் வருவதால் குறைந்தது இரண்டு இடத்தில் சுட வேண்டும்.

இதில் மூட்டு சரியாவதில்லை. தேய்மானம் அப்படியே இருக்கும். காலிங் பெல் வயரைக் கழற்றிவிட்ட மாதிரிதான். வாசலில் ஆள் நின்றுகொண்டுதான் இருப்பார். நரம்பும் திரும்ப வளர்ந்துவிடும். பலன் கிடைப்பவர்களுக்குப் பொதுவாக 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை நிம்மதி. வலி திரும்பினால் மறுபடி செய்யலாம். செலவும் மறுபடி வரும் என்பதை விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

ஸ்கேன் சொல்லாது, ஊசி சொல்லும்

"எம்.ஆர்.ஐ.ல தேய்மானம் தெரியுது, ஆர்.எஃப்.ஏ. பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். வயசானால் முடி நரைப்பது மாதிரி இதுவும். ஸ்கேனில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் சுடுவதற்கு முன் ஒரு சோதனை ஊசி போடுகிறார்கள். அதே நரம்பில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் செலுத்துவார்கள். அடுத்த சில மணி நேரம் வலி பெரிய அளவில் குறைந்தால், வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்று கணிக்கலாம். குறையவில்லையா? அந்த நரம்பைச் சுட்டும் பிரயோஜனம் இல்லை. 'ஊசி போட்டாச்சு, சரியாகிடும்' என்ற எதிர்பார்ப்பிலேயே சிலருக்கு வலி குறையும் என்பதால், இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யும் மருத்துவர்களும் உண்டு. நைஸ் வழிகாட்டுதலும் இதைத்தான் நிபந்தனையாக வைக்கிறது: மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் இருக்க வேண்டும், 10-க்கு 5 அல்லது அதற்கு மேல் வலி இருக்க வேண்டும், சோதனை ஊசியில் வலி குறைந்திருக்க வேண்டும்.

ஆய்வுகள் ஏன் முட்டிக்கொள்கின்றன?

1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் இருந்தவர்கள் 24 பேர்தான். வாகன விபத்துக்குப் பிறகு கழுத்துவலியால் அவதிப்பட்டவர்கள். சோதனை ஊசிகளால் சலித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பாதிப் பேருக்கு நிஜமாகச் சுட்டார்கள், மீதிப் பேருக்கு ஊசியை வைத்துவிட்டு சூடேற்றவில்லை. பழைய வலியில் பாதி திரும்புவதற்கு, சுடப்பட்டவர்களுக்கு நடுவாக 263 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 8 நாள்.

2017-ல் நெதர்லாந்தில் 681 பேரிடம் கீழ்முதுகு வலிக்கு நடந்த ஆய்வுகளின் கதை வேறு. உடற்பயிற்சியோடு ஆர்.எஃப்.ஏ.வும் செய்தவர்களுக்கும், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு தரப்பிலும் வலி குறைந்தது! ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் தளர்வானது என்று வலி மருத்துவர்கள் இதை விமர்சித்தார்கள். 2025 வழிகாட்டுதலுக்கும் வலி மருத்துவ அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பவர்களுக்கு இது தொழிலும்கூட என்பதை மறந்துவிட முடியாது. ஆனால் எல்லா முதுகுவலியையும் ஒரே மூட்டையில் கட்டிப் பார்த்தால், பலன் கிடைக்கக்கூடிய சிலர் அதில் காணாமல் போவார்கள் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆக, முதுகு வலிக்கிறது என்பதற்காக மட்டும் செய்துகொள்ளும் சிகிச்சை இல்லை இது. இடுப்பிலிருந்து கால் வரை சுளீரென்று இறங்கும் வலி, டிஸ்க் பெரிய நரம்பை அழுத்துவதால் வருவதாக இருக்கலாம். அதற்கு ஃபேசட் நரம்பைச் சுடுவது தீர்வாகாது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

சோதனை ஊசி போடுவீர்களா, எத்தனை தடவை, அதில் எவ்வளவு வலி குறைந்தால் அடுத்த கட்டத்துக்குப் போவீர்கள் என்று கேட்கலாம். அவசரமில்லாத சிகிச்சை என்பதால் இதையெல்லாம் கேட்க நேரம் இருக்கிறது. பேஸ்மேக்கர் இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுட்ட பிறகு ஓரிரு வாரம் அந்த இடத்தில் எரிச்சலும் வலியும் இருக்கலாம், சிலருக்குத் தோல் மரத்துப்போகலாம். கழுத்தின் மேல்பகுதியில் செய்தால் கொஞ்ச நாள் தள்ளாட்டம் வருவதும் உண்டு. வலி குறைந்திருக்கும் அந்த மாதங்களில் பிசியோதெரபி பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

ஒன்று மட்டும் அவசரம். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி மங்கினாலோ, கால் பலவீனமானாலோ ஆர்.எஃப்.ஏ. பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.