குழந்தை தூங்கிற்று, அம்மா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மாடி வீட்டுப் பெண் காப்பிப் பொடி இரவல் கேட்டு வந்தாள். அவளுக்குப் பிரசவமாகி ஐந்து வாரம் ஆகிறது. கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"என்ன, உன் பிள்ளை தினமும் சிவராத்திரி கொண்டாடுகிறானா?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. அவன் சமர்த்தாகத் தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவள் போல அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், சகோதரிகளே! நானும் சிரித்திருக்கிறேன்.

குழந்தை விழித்துக்கொள்வதால் கெடும் தூக்கம் ஒரு வகை. அது வீட்டுக்கு வீடு உள்ளதுதான். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் மொத்தமாக அல்ல, சில்லறையாக! நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்கும். இரவு எது, பகல் எது என்பது அதற்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை வீட்டில் எல்லோருக்கும் அரைத் தூக்கம்தான்.

நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி. குழந்தை தூங்கிய பிறகும் தாய்க்கு வராத தூக்கம். "குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிவிடு" என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கண்ணை மூடினால் அல்லவா தூங்க?

எனக்கு மூத்தவள் பிறந்தபோது தாய் வீட்டில் இருந்தேன். பத்தியச் சாப்பாடு, வெந்நீர், லேகியம் என்று ராஜோபசாரம். இரவில் குழந்தை பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். வீடு அடங்கிவிடும். நான் மட்டும் எழுந்து உட்கார்ந்து அதன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வருகிறது. படுத்துக்கொள்வேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் எழுந்திருப்பேன். சற்று முன் வந்த மூச்சு இப்போதும் வர வேண்டுமே! ஒரு நாள் இரவு எண்ணிப் பார்த்தேன், 17 தடவை. நடுவில் செல்போனை எடுத்து, குழந்தை தும்மினால் என்ன அர்த்தம் என்று தேடுவேன். அது தும்மலில் ஆரம்பித்து, நான் பெயரே கேட்டிராத வியாதியில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்றும் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். கைப்பிடிச் சுவர் அருகில் நின்றால், 'கை நழுவிவிட்டால்?' என்று ஓர் எண்ணம் வரும். அதையும் மீறி, 'நானே போட்டுவிட்டால்?' என்று இன்னோர் எண்ணம் வரும். உடம்பெல்லாம் நடுங்கும். பெற்றவளுக்கு இப்படியும் தோன்றுமா? நான் மனுஷிதானா? மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம் கூட.

ஒரு நாள் நடுநிசியில் அம்மா விழித்துக்கொண்டாள். "ஏண்டி, இன்னுமா தூங்கலை?" என்றாள். அவ்வளவுதான், அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா திடுக்கிடவில்லை. இருட்டில் என் தலையைக் கோதினாள்.

"நீ பிறந்தப்போ மூணு மாசம் நான் கிணத்தடிப் பக்கமே போகலை. உங்க பாட்டிதான் தண்ணி இறைச்சாங்க. இடுப்பு வலின்னு சொல்லி வெச்சிருந்தேன்" என்றாள்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அம்மா அதை வாய் விட்டுச் சொன்னாள். அன்று இரவு நான் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.

மறுநாள் அம்மாவே என்னை ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். வேண்டாத எண்ணங்கள் புதுத் தாய்மாரில் பெரும்பாலோருக்கு வருகின்றன. எண்ணம் வேறு, ஆசை வேறு. காவல்காரன் திருடனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதில்லையா? அதனால் அவன் திருடனாகிவிடுவானா? அந்த எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறீர்களே, அந்த நடுக்கமே உங்கள் பாசத்துக்குச் சாட்சி. அதை மறைத்து வைக்க வைக்கத்தான் அது பெருத்துக்கொண்டே போகும்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

கவலையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கையால் செய்யக் கூடிய காரியம் அதில் ஏதாவது இருந்தால் படுக்கப் போகுமுன் செய்து முடித்துவிடுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணை உள்பட எந்தத் தலையணையும் வேண்டாம். முகத்தில் விழும்படி துணி எதுவும் அருகில் கிடக்க வேண்டாம். 1990-களின் ஆரம்பத்தில் மேல்நாடுகளில் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தூக்கத்தில் குழந்தைகள் திடீரென்று இறந்துபோவது அதன்பின் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. இதைச் செய்து முடித்த பிறகு, 17 தடவை எழுந்து பார்ப்பதால் குழந்தைக்கு ஒரு லாபமும் இல்லை.

குழந்தை தூங்கும் தினுசையும் தெரிந்துகொள்ளுங்கள். தூக்கத்தில் பாதி நேரம் அது சும்மா இராது. முனகும், சிரிக்கும், கை காலை உதறும். மூச்சு வேகமாக வரும், ஐந்து பத்து விநாடி நிற்கும், மறுபடியும் வரும். இது இயற்கை. மூச்சு 20 விநாடி நின்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது, தாய்க்கு நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் வேண்டும். இதற்கு வீட்டார் மனம் வைக்க வேண்டும். பால் கொடுப்பதுதான் தாயால் மட்டும் ஆகிற காரியம். தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைப்பதும், ஈரத் துணி மாற்றுவதும், தாலாட்டுவதும் தகப்பனாரால் ஆகாதா? மாமியாரால் ஆகாதா? இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். பசித்தால் மட்டும் குழந்தையை எடுத்து வந்து கொடுக்கட்டும். 'அவர் காலையில் ஆபீஸ் போக வேண்டுமே' என்கிறீர்களா? நீங்கள் போகும் ஆபீஸுக்கு ஞாயிற்றுக்கிழமை கூடக் கிடையாது!

நடுநிசியில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். செல்போனைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். காப்பியையும் கவனியுங்கள். இரவில் தூங்கவில்லையே என்று பகலில் நாலு டம்ளர். பகலில் குடித்த நாலு டம்ளரால் இரவில் தூக்கமில்லை! குடித்த காப்பியின் சத்தில் ஏறக்குறையப் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் காப்பி வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் பலிக்காவிட்டால்? பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்தில் அது தானாகப் போய்விடும். அதற்கு மேலும் கவலை நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். இது அபூர்வமான வியாதி அல்ல. வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்கு மனம் நோகிறது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. 1987-ல் பிரிட்டனில் டாக்டர்கள் இதற்கென்றே பத்துக் கேள்விகளை எழுதி வெளியிட்டார்கள். அதற்கு 'எடின்பரோ கேள்வித்தாள்' என்று பெயர். காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. சில சமயம் தைராய்டுக் கோளாறும் இப்படி ஆட்டிவைக்கும். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். பேசியே குணப்படுத்தும் சிகிச்சை உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. ஆனால் தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் தாமதம் கூடாது. பிரசவித்தவள் இரவெல்லாம் விழித்தும் களைப்பே தெரியாமல் படபடவென்று பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிடுவதே சரி என்று அவளுக்குத் தோன்றினாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவளையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். மந்திரிப்பதில் பொழுதைப் போக்க வேண்டாம்.

நேரில் யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தால், மத்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் ஆரம்பித்த 'டெலி மானஸ்' இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மாடி வீட்டுப் பெண்ணை அன்று உட்கார வைத்து, என் மொட்டை மாடிக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்கு அரிவாள்மணை, அக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மத்தியானம் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு, எங்கள் கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்தாள். சாயங்காலம் பால்காரர் மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை கணவரோடு டாக்டரிடம் போய் வந்தாள்.

காப்பிப் பொடி கொடுத்தேனா என்று கேட்கிறீர்களா? கொடுத்தேன். காலைக்கு ஒரு டம்ளர் மட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்!