சாயாத கோபுரம்

ஆலய கோபுரத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு நிமிர்ந்து தெரியும் கோபுரம், படத்தில் பின்பக்கமாகச் சாய்ந்து விழப்போவது போல இருக்கும். குறை கைப்பேசியில் இல்லை. உச்சி தெரிய வேண்டுமே என்று நாம் கேமராவை மேல்நோக்கித் தூக்குகிறோம். உள்ளே இருக்கும் சென்சாரும் சேர்ந்து சாய்கிறது. அது சுவருக்கு இணையாக இல்லாததால், நேர்க்கோடுகள் மேலே போகப் போக நெருங்கிவிடுகின்றன.

வானொலியில் பேசுவது என் தொழில். படம் எடுப்பது வார இறுதி ஆசை. புக்கிட் பெலிம்பிங் பக்கம் செம்பனைகளுக்கு நடுவே இருக்கும் ஆலயங்களையும் பழைய லய வீடுகளையும் எடுக்கத் தொடங்கிய பிறகு, இந்தச் சாய்வு என்னை அதிகம் உறுத்தியது.

இதற்கென்றே ‘ஷிப்ட்’ லென்ஸ் இருக்கிறது. கேமராவை நேராக வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். 35 மி.மீ. கேமராக்களுக்கு நிக்கோன் இதை 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. 1973இல் கேனன், நகர்த்தவும் சாய்க்கவும் முடிகிற ‘டில்ட்-ஷிப்ட்’ லென்ஸை வெளியிட்டது. இன்று புதிதாக வாங்கினால் பல ஆயிரம் வெள்ளி. வீட்டுக் கடன், கார் தவணை கட்டும் நமக்கு அது எட்டாத விலை.

ஆனால், அந்த லென்ஸின் சூட்சுமம் எளிது. அது அகலமான காட்சியை உருவாக்கி, அதன் மேல் பகுதியை மட்டும் சென்சாரில் விழ வைக்கிறது. அந்த வேலையை நாம் கத்தரித்தே செய்யலாம்.

கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியைச் செங்குத்தாக, முன்னும் பின்னும் சாயாமல் பிடியுங்கள். 30 அடி கோபுரம் என்றால் சுமார் 45 அடி தள்ளி நின்றால், உச்சி படத்துக்குள் வந்துவிடும். கீழே நிறையத் தரை தெரியும், அதை வெட்டிவிடுங்கள். கோபுரம் நிமிர்ந்து நிற்கும். படத்தின் அளவு குறைவது மட்டுமே இதில் நட்டம்.

தள்ளி நிற்க இடமில்லையா? அண்ணாந்தே எடுங்கள், ஆனால் சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். பிறகு ‘ஸ்னாப்சீட்’ போன்ற இலவசச் செயலியில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ வசதியைக் கொண்டு நிமிர்த்தலாம். மேல் பகுதியை இழுத்து விரிப்பதால் அங்கே கூர்மை குறையும், ஓரங்களும் வெட்டுப்படும். அதனால் இது இரண்டாவது வழிதான்.

‘டில்ட்’ வேறு சங்கதி. அது கூர்மை விழும் தளத்தைச் சாய்ப்பது. ஊரையே பொம்மை ஊர் போலக் காட்டும் படங்கள் இதைக் கொண்டு எடுப்பவை. கைப்பேசியின் சிறிய சென்சாரில் அருகிலும் தூரத்திலும் இருப்பவை பெரும்பாலும் கூர்மையாகவே விழும். பொம்மைத் தோற்றம் வேண்டுமானால் செயலியில் மேலும் கீழும் மங்கலாக்கினால் போதும்.

பயிற்சிக்குக் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்குப் போகலாம். அங்கே 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை அருகில் நின்று ஒன்று, தள்ளி நின்று ஒன்று எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே புரியும்.

கோடு நேராக இருப்பது அவ்வளவு முக்கியமா? அழகுக்கு மட்டும் என்றால் இல்லை. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் தஞ்சைப் பெரிய கோவில் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். இன்றும் அது ஆவணம். நம் தோட்டங்களில் லயங்கள் உடைபடுகின்றன, ஆலயங்கள் இடம் மாறுகின்றன. நாளை ஒரு பேரப்பிள்ளை, “கோபுரம் எத்தனை நிலை, வாசல் எவ்வளவு உயரம்?” என்று கேட்டால், சாய்ந்த படத்தில் சரியாகச் சொல்ல முடியாது.

அடுத்த திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது நான்கு பக்கமும் நேராக ஒவ்வொரு படம் எடுங்கள். வாசலை ஒட்டி வீட்டுப் பெரியவர் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். உயரத்துக்கு அவரே அளவுகோல். தேதியையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி, வெட்டாத மூலப் படத்தோடு பத்திரப்படுத்துங்கள். அரை மணி நேர வேலை; செலவு ஒரு காசும் இல்லை.