டெத் ஸ்டாரும் சானமாவு யானையும்: மிரட்டல் எப்போது பலிக்கும்?

ஓசூர் அருகே சானமாவு காட்டுக்கு ராகி விளையும் பருவத்தில் யானைக் கூட்டம் வரும். வயலில் இறங்கினால் பட்டாசு வெடித்து விரட்டுவார்கள். ஆனால், காட்டுப் பக்கம் வழி திறந்திருக்கணும். நாலா பக்கமும் வெடித்தால் யானை திரும்பி ஆளைத்தான் துரத்தும்.

1977-ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பேரரசு செய்த தப்பு இதுதான். கிளர்ச்சியாளர்களின் தளம் எங்கே என்று கேட்டு மிரட்டினார்கள். இளவரசி லேயா ஓர் இடத்தைச் சொன்ன பிறகும், டெத் ஸ்டாரைக் கொண்டு அவரது ஆல்டெரான் கிரகத்தையே தகர்த்தார்கள். பணிந்தாலும் சாவுதான் என்றால் யார் பணிவார்கள்?

அணு ஆயுதத்துக்கும் இதே கணக்குதான். 1998 பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகு, 2003-ல் இந்தியா தன் கொள்கையை அறிவித்தது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம். எங்கள் மீது பயன்படுத்தினால் பதிலடி மிகக் கடுமையாக இருக்கும். இதுவே அதன் சாரம். 2019-ல் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங், எதிர்காலத்தில் இது சூழலைப் பொறுத்தது என்றார்.

'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்பது பலவீனம் இல்லை. எதிராளி பின்வாங்க விட்டு வைத்த வழி அது. அதை அடைத்தால், 'அவர்கள் முந்துவதற்குள் நாம் முந்தணும்' என்ற பதற்றம்தான் அந்தப் பக்கம் வரும். அந்த வழி திறந்தே இருக்கட்டும்.