காபி மெஷின் மக்கர் பண்ணுதா?

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சான் அன்டோனியோவுக்குக் குடிபோன தோழி ஃபோனில் புலம்பினாள்: "ஆறே மாசம்! காபி மெஷின் சொட்டுச் சொட்டா விடுது. தூக்கிப் போட்டுடவா?"

போடாதீங்க. தகராறு தண்ணியில. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பெரும்பாலும் வருவது ஹெட்ச் ஹெட்ச்சி அணைத் தண்ணி. சியரா மலைப் பனி உருகினது, உப்பு கம்மி. சான் அன்டோனியோவுக்கோ எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர். சுண்ணாம்புப் பாறைக்குள்ள ஊறி வர்றது. பாட்டி வீட்டு பக்கெட் ஹீட்டரில் வெள்ளையா படியுமே, அதேதான் மெஷின் குழாய்க்குள்ளும்.

ஒரு லிட்டர் தண்ணியில் ஒரு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைச்சு, பாதியை ஓடவிட்டு அணைச்சிடுங்க. அரை மணி ஊறட்டும். மீதியையும் ஓட்டி, வெறும் தண்ணியில் மூணு தடவை அலசுங்க. வினிகரும் கேட்கும், ஆனா வாசனை லேசில் போகாது. மெஷினோட கையேட்டில் ரெண்டும் கூடாதுன்னு இருந்தா விட்டுடுங்க. ப்ளீச்சை மட்டும் எதோடயும் கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

தண்ணி நல்லா வந்தும் பேப்பர் ஃபில்டர் பொங்கி வழியுதா? அது ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த சிக்கரி கலந்த நைஸ் பொடியின் வேலை. அதுக்கு எவர்சில்வர் ஃபில்டர்தான் சரி.