ஆய்வு வாயிலில் ஒரு நாள்

முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வில் இறங்க விழையும் மாணவர், தாம் சேர எண்ணும் துறையை ஒரு நாளேனும் நேரிற் சென்று கண்டு வருதல் நல்ல வழக்கம். பேராசிரியர் பலரும் 'ஒருமுறை வந்து பாருங்கள்' என்றே அழைக்கின்றனர். ஆயின் அந்த ஒரு நாளுக்கு நம்மவர் செய்யும் ஆயத்தம் யாது? சான்றிதழ் நகல்கள், ஒரு சால்வை, ஊர்ப் பெரியவர் எவரிடமேனும் பெற்ற சிபாரிசுக் கடிதம். இவ்வளவே. வினா ஒன்றும் கையில் இருப்பதில்லை. இது போதாது என்பதே நம் கருத்து.

அறிவு தேடிப் பயணம் போதல் நம் மரபுக்குப் புதிதன்று. நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு நபிமொழியைக் கேட்பதற்காக ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் நாட்டில் இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாயிலை அடைந்தார்கள். இச்செய்தியை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் கல்வி பற்றிய பகுதியில் சுட்டியுள்ளார்கள். பயணத்தின் நெடுமையை வியந்து பேசும் நாம் அதன் கூர்மையைக் கவனிப்பதில்லை. எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்பட்ட பயணம் அது.

நம் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. 1928ஆம் ஆண்டு செருமானிய இயற்பியல் அறிஞர் ஆர்னால்டு சோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். அப்பொழுது அவருக்கு அகவை 20கூட நிறையவில்லை. சோமர்பெல்டின் அணு அமைப்பு நூலை அவர் முற்றக் கற்றிருந்தார். ஆனால் சோமர்பெல்டு கூறியதோ வேறு. அந்நூல் வெளிவந்தபின் இயற்பியலே மாறிவிட்டது, சுரோடிங்கர், ஐசன்பர்க்கு முதலியோர் புதுவழி கண்டுவிட்டனர் என்றார். அச்சில் இருந்த தம் புதிய கட்டுரையின் மெய்ப்புப் படிகளையும் இளைஞரிடம் தந்தார். அப்படிகளைப் படித்து எழுந்த ஆய்வுக் கட்டுரையைச் சந்திரசேகர் கேம்பிரிட்ஜிலிருந்த பவுலருக்கு அனுப்ப, அது 1929இல் இராயல் கழக இதழில் வெளியாயிற்று. 1930இல் அதே பவுலரிடம் ஆய்வு மாணவராகச் சேரக் கப்பலேறினார். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

தாம் கற்றது பழையதாகிவிட்டது என்று அறிந்ததே அச்சந்திப்பின் பயன். நூலைப் படிக்காமற் சென்றிருந்தால், அது பழையதாயிற்று என்ற சொல்லும் அவருக்கு விளங்கியிராது. ஆகவே முன்கூட்டிப் படித்துச் செல்வது நம் அறிவைக் காட்டிக்கொள்ள அன்று. நம்மைத் திருத்துவதற்கு மற்றவர்க்கு இடம் தருவதற்கே.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்திலிருந்து ஒரு மாணவி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற்குச் செல்கிறார் எனக் கொள்வோம். (தென்காசி மாவட்டத்திலும் இப்பெயரில் ஊர் உண்டு. நாம் கூறுவது அரசு சிமெண்ட் ஆலை அமைந்த ஆலங்குளம்.) அப்பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கெனத் தனி இருக்கை அமைந்து, இலங்கைப் பேராசிரியர் ம.மு. உவைஸ் அதில் பணியாற்றினார். பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவர் எழுதிய 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' பல தொகுதிகளாக வெளிவந்தது. அத்தொகுதிகளில் ஒன்றையேனும் புரட்டாமல் 'எனக்கு இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் ஆர்வம்' என்று மட்டும் சொன்னால் பேராசிரியர் என்ன விடை கூறுவார்? மாறாக, 'அச்சேறிய கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து நூல்களைப் பற்றிப் படித்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்துப் பாடும் தாலாட்டுகளை எந்த முறையில் தொகுப்பது?' என்று கேட்டால் அந்த அரைமணி நேரம் ஆய்வாகவே மாறிவிடும்.

ஊரிலிருந்தே வினா பிறக்க இயலும். வீட்டில் நோயைத் தீர்ப்பதும் மருந்து, பட்டாசு ஆலையில் வெடிப்பதும் மருந்து. திரி, சரம் எனத் தொழிலாளர் நாவில் வழங்கும் சொற்களைத் தொகுத்து ஆராய நம் பகுதி மாணவரினும் தகுதியுடையார் யார்? வேதியியல் மாணவருக்கும் இது பொருந்தும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் பசுமைப் பட்டாசுக் கலவைகளை உருவாக்கிற்று. சிவகாசிப் பக்கத்து இளைஞர் அங்குச் சென்றால், கலவை அறையின் வெப்பமும் ஈரமும் தொழிலாளரின் கையும் பற்றி அவர் அறிந்தது சோதனைக் கூடத்தார்க்குப் புதுச்செய்தியாக இருக்கும்.

மற்றொன்று. அந்த ஒரு நாளில் நாமும் அவர்களைத் தேர்ந்து பார்த்தல் வேண்டும். பேராசிரியரின் அறையில் ஒரு மணி நேரம் இருந்தால், அங்குள்ள ஆய்வு மாணவரோடு தேநீர்க் கடையில் இரண்டு மணி நேரம் இருத்தல் நன்று. எழுதிக் கொடுத்த இயல் எத்தனை நாளில் திருத்தம் பெற்றுத் திரும்புகிறது? இடையில் விட்டுச் சென்றவர் உண்டா, ஏன்? கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது? நெறியாளர் வீட்டு வேலைகளும் ஆய்வில் அடக்கமா? இறுதி வினா சிலருக்குச் சிரிப்பூட்டலாம். பட்டறிந்தவர் சிரிக்கமாட்டார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஒரே காலத்தில் நெறியாளராதல் இயலாது. ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டு, மிகுதியாக 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு வரை தளர்வு உண்டு. இடம் உள்ளதா என்பதைக் கேட்டறியாமலே திரும்புவோர் பலர்.

பணத்தைப் பற்றிக் கேட்க நம்மவர் கூசுகின்றனர். சிறுபான்மையின மாணவர்க்கு உதவிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டபின், இக்கூச்சம் நமக்குக் கட்டுப்படியாகாது. உதவித்தொகை எங்கிருந்து வரும், மாதந்தோறும் வருமா, வாராத மாதத்தில் மாணவர் என் செய்கின்றனர் என்று வெளிப்படையாகவே கேட்கலாம்.

'இடம் கேட்டு வந்த பிள்ளை நம்மையே வினவுகிறதே' என்று சினக்கும் ஆசிரியரும் உளர். ஆசிரியரைப் போற்றுதல் நம் மார்க்கத்தின் ஒழுக்கம். அதில் மாறுபாடில்லை. ஆனால் அதபோடு கேட்பது வேறு, வாய்பொத்தி நிற்பது வேறு. பணிவாகக் கேட்ட வினாவுக்கே சினப்பவரிடம் ஐந்தாண்டைக் கழிப்பது எங்ஙனம் என்று மாணவர் அன்றே எண்ணிக்கொள்ளலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகளுடன் வாப்பாவும் செல்வது தவறன்று, ஆலங்குளத்திலிருந்து மதுரைக்குத் தனியே அனுப்பத் தயங்கும் மனத்தை நாம் அறிவோம். ஆயின் பேராசிரியர் அறைக்குள் மகளே பேசட்டும். அந்நேரத்தில் வாப்பா விடுதியைப் பார்க்கலாம், நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது, அதன்பின் விடுதிக்கு நடந்து செல்லும் வழியில் விளக்கு உண்டா என்று விசாரிக்கலாம். அவர் அறிந்து வருவதும் முடிவுக்கு வேண்டுவதே.

திரும்பும் பேருந்திலேயே கேட்டவற்றைக் குறித்துக்கொள்க. இரண்டு நாளுக்குள் நன்றி கூறி ஒரு கடிதம் எழுதுக. சேர விருப்பமில்லையெனில் அதையும் எழுதிவிடுக. அந்த இடத்திற்கு வேறொரு மாணவர் காத்திருப்பார்.