குற்றவாளி கூரை அல்ல

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. காரின் கதவைத் திறந்ததும் காயாத துணியின் வாடை. கண்ணாடியின் உட்புறம் முழுக்க நீராவி படிந்திருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் கையை வைத்து அழுத்தினால் கார்ப்பெட்டிலிருந்து தண்ணீர் கசிகிறது. துணிக் கூரை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் இந்தக் காட்சியைக் கண்டதும் செய்கிற முதல் காரியம், தலையைத் தூக்கிக் கூரையைச் சந்தேகத்தோடு பார்ப்பது. துணியில் கிழிசல் இருக்கிறதா? தையல் விட்டிருக்கிறதா? ரப்பர் பட்டை தேய்ந்திருக்கிறதா? கடைசியில் பெரும் செலவில் புதுக் கூரை மாட்டுகிறார். அடுத்த மழை வருகிறது. கார்ப்பெட் மறுபடியும் நனைகிறது.

காரணம், குற்றவாளி பல சமயம் கூரை அல்ல. சீட்டின் பின்னால், கண்ணில் படாத ஓர் மூலையில், விரல் நுழையும் அளவே உள்ள ஒரு துளை. காய்ந்த இலையும் புழுதியும் சேர்ந்து அதை அடைத்திருக்கின்றன. அதைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். செய்யாமல் விட்டால் காரின் ஆயுளே முடிந்துபோகலாம்.

கன்வர்ட்டிபிள் காரின் கூரை தண்ணீரைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இது பாதி உண்மைதான். கூரை தண்ணீரைத் திருப்பி விடுகிறது, அவ்வளவே. திருப்பி விட்ட தண்ணீரில் ஒரு பகுதி காரின் உடலுக்குள்ளேயே இறங்கி, அதற்கென்று போட்ட குழாய் வழியே தரைக்குப் போகிறது. வடிவமைத்தவர்கள் தெரிந்தே செய்த ஏற்பாடு இது. மடித்து உள்ளே போட வேண்டிய துணியை, இரும்புக் கூரையைப் போல உடலோடு ஒட்டிவிட முடியாது. எனவே உள்ளே வரும் தண்ணீருக்கு வெளியேற வழி செய்துவிட்டார்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால், தளத்தைக் குறை சொல்லும் முன் தூம்பில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். கார் விஷயத்தில் இந்த எளிய யோசனை யாருக்கும் தோன்றுவதில்லை.

உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்ளலாம். 1960களில் பிரிட்டனின் எம்ஜி, லோட்டஸ் போன்ற திறந்த கார்கள் கொடிகட்டிப் பறந்தன. மழை வந்தால் அவை ஒழுகும் என்பது ஊரறிந்த ரகசியம். ஒழுகுவதும் அந்த அனுபவத்தில் சேர்த்தி என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். 1980ல் எம்ஜிபி உற்பத்தி நின்றது. அந்த இனமே அநேகமாக மறைந்துகொண்டிருந்த வேளையில், ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 காரை இறக்கியது. அமெரிக்கர்களுக்கு அது மியாட்டா. பழைய பிரிட்டிஷ் காரின் குதூகலம், ஜப்பானிய காரின் நம்பகத்தன்மை என்ற கலவை நன்றாகவே எடுபட்டது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமாவில் தயாரானது.

இந்தக் காரின் முதல் இரண்டு தலைமுறைகளில் தண்ணீர் போகும் பாதை ரொம்ப எளிமையானது. கூரையின் பின்விளிம்பில், துணி உடலோடு சேரும் இடத்துக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் ஓடை ஓடுகிறது. ரெயின் ரெயில் என்று பெயர். கூரையின் பின்பக்கம் வழியும் தண்ணீரை இது வாங்கி இடது, வலது மூலைகளுக்குத் தள்ளுகிறது. சீட் பெல்ட் பொருத்தியுள்ள தூண்களின் அருகே இரண்டு துளைகள். அங்கிருந்து ரப்பர் குழாய் கீழே இறங்கி, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால், காரின் அடியில் திறக்கிறது. மழை நாளில் அந்த இடத்தில் தண்ணீர் சொட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கூரையின் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழைக்கு 75 லிட்டர். அதாவது 15 லிட்டர் பக்கெட்டில் ஐந்து. இதில் ஒரு பங்கு பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். மீதி அந்த இரண்டு துளைகளை நம்பித்தான் இருக்கிறது. மும்பை சாந்தாகுரூஸில் 2005 ஜூலை 26 அன்று பெய்தது போல ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டினால், அதே கூரை மீது விழுவது 1,400 லிட்டருக்கும் மேல்.

துளை அடைத்தால் ஓடை நிரம்புகிறது. நிரம்பிய தண்ணீர் வேறு வழி தேடுகிறது. சீட்டுக்குப் பின்னால் உள்ள மேடையில் வழிந்து, பெல்ட் தூணுக்குள் இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சில் ஊறிவிடுகிறது. மேலே துடைத்துக் காயவைத்தவர் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்கிறார். அடியில் உள்ள பஞ்சு வாரக் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சை வாடை அங்கிருந்துதான் வருகிறது.

வாடையைக்கூட சகித்துக்கொள்ளலாம். ஆபத்து அதற்கும் கீழே இருக்கிறது. கதவுக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே, பெட்டி போல ஓடும் இரும்புப் பகுதியை ஸில் என்கிறார்கள். சாதாரண காரில் முறுக்கத்தையும் வளைவையும் தாங்குவதில் இரும்புக் கூரைக்கும் பங்கு உண்டு. கூரையே இல்லாத காரில் அந்தச் சுமையில் பெரும்பங்கு ஸில்லின் தலையில் விழுகிறது. திறந்த காருக்கு அதுதான் முதுகெலும்பு. வழி தவறிய தண்ணீர் போய்ச் சேருவதும் அதே இடம்தான். எம்எக்ஸ்-5 காரின் பழைய மாடல்களில் ஸில் துருப்பிடிப்பது பெரும்பாலும் பின் சக்கரத்தை ஒட்டிய முனையில். உள்ளிருந்து வெளியே அரிப்பதால், பெயின்ட்டில் முதல் கொப்புளம் தெரியும்போது உள்ளே இரும்பு பாதி போயிருக்கும். பிரிட்டனில் குறிப்பிட்ட வயதைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் தகுதிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஸில் ஓட்டையானால் தேற முடியாது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து அரிக்க, அடைத்த துளையின் தண்ணீர் உள்ளிருந்து அரிக்க, என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காயலான் கடைக்குப் போன கார்கள் உண்டு.

விலை கூடிய கார்களுக்கு இதில் விதிவிலக்கு இல்லை. அங்கே இரும்பு அரிப்பதற்கு முன்பே எலக்ட்ரானிக்ஸ் உயிரை விட்டுவிடுகிறது. 1996ல் வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில், சாவியை அடையாளம் கண்டு என்ஜினுக்கு அனுமதி தரும் கம்ப்யூட்டர் பெட்டி சீட்டுக்கு அடியில் தரையில் இருக்கிறது. கூரையின் வடிகால் அடைத்துத் தரையில் தண்ணீர் தேங்கினால், முதலில் மூழ்குவது அதுதான். பிறகு காருக்குத் தன் சாவியே தெரியாது. 2002ல் வந்த முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ இஸட்4 காரில், கூரையைத் திறந்து மூடும் மோட்டார், கூரைத் தண்ணீர் வடியும் குழியிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டாருக்கு ஜலசமாதி. புது மோட்டார் போடுபவர்களில் பலர், பட்டது போதும் என்று அதை டிக்கிக்கு இடம் மாற்றிவிடுகிறார்கள்.

இவ்வளவு சேதத்தையும் தவிர்க்கத் தேவையான கருவிகள் ஒரு டார்ச், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் தடித்த நைலான் நரம்பு. கூரையைப் பாதி தூக்கி நிறுத்தி, பின்பக்க மூலைகளில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சருகு, மண், துணியின் பிசிறு எல்லாம் கண்ணில் படும். அவற்றைக் கையால் அள்ளி வெளியே போட வேண்டும், அல்லது வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். குச்சியால் உள்ளே தள்ளுவது கூடவே கூடாது. பலர் செய்யும் முதல் தவறு இதுதான். மேலே இருந்த அடைப்பு குழாயின் நடுவே போய் இறுகிவிடும்.

பிறகு ஒரு பக்கமாக மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னொருவர் பின் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பார்க்கட்டும். ஊற்றிய வேகத்தில் தண்ணீர் கொட்டினால் வழி சுத்தம். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. எதுவும் வராவிட்டால் உடனே ஊற்றுவதை நிறுத்த வேண்டும். இனி ஊற்றுவது எல்லாம் கார்ப்பெட்டுக்குத்தான் போகும். அடுத்த பக்கத்தையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று திறந்து இன்னொன்று அடைத்திருப்பது சகஜம்.

அடைப்பை எடுக்க நைலான் நரம்பு. புல் வெட்டும் மெஷினில் சுழலுமே, அந்த ரகம். முனையை மழுங்கச் செய்து, குழாய்க்குள் மெதுவாகச் சுழற்றியபடி விட வேண்டும். குழாயின் கீழ் வாயில்தான் சேறு அதிகம் இறுகுகிறது என்பதால், முடிந்தால் காரின் அடியிலிருந்து மேல்நோக்கி விடுவது நல்லது. சில மாடல்களில், சாலைத் தண்ணீர் மேலேறாமல் இருக்கக் கீழ் முனையில் வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு இருக்கும். விரலால் பிதுக்கினாலே காய்ந்த சேறு உதிரும். கடைசியில் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி அலசிவிட்டால் வேலை முடிந்தது.

செய்யக்கூடாதவை மூன்று. முதலாவது, இரும்புக் கம்பி; ரப்பர் குழாயைக் குத்திக் கிழித்துவிடும். இரண்டாவது, பஞ்சர் கடைக் கம்ப்ரெஸரின் காற்று. அடைப்பு இறுகியிருந்தால் காற்றின் வேகத்தில் குழாய் தன் இணைப்பிலிருந்தே கழன்றுவிடும். அது நடப்பது உள்ளே என்பதால் வெளியே தெரியாது. துளை திறந்துவிட்டது போலத் தோன்றும். அதன் பிறகு ஒவ்வொரு மழையும் நேராக உடலுக்குள் இறங்கும். மூன்றாவது, குளியலறைச் சாக்கடைக்கு ஊற்றும் ரசாயனம். அடைப்போடு சேர்த்து ரப்பரையும் பெயின்ட்டையும் அது விட்டுவைக்காது.

ஏற்கெனவே நனைந்துவிட்ட காருக்கு, துளையைத் திறப்பது பாதி வைத்தியம்தான். கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை வெளியே எடுத்து, வெயிலில் முழுக்க உலர்த்த வேண்டும். புதிய கார்களின் சீட்டில் ஏர்பேக் ஒயர்கள் இருப்பதால், அதைக் கழற்றும் வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுவது உசிதம். ஸில்லின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அவையும் மண் அடைத்துக் கிடந்தால், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வேறு வழியே இல்லை.

இந்தியாவில் எத்தனை பேரிடம் திறந்த கார் இருக்கிறது என்று கேட்கலாம். அபூர்வம்தான். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் இங்கே சன்ரூஃப் மோகம் சிறிய கார்கள் வரை இறங்கியிருக்கிறது. கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்த காரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை எல்லாத் தண்ணீரையும் தடுப்பதில்லை. தாண்டி வருவதை ஒரு தட்டு வாங்கிக்கொள்கிறது. தட்டின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் காரின் தூண்களுக்குள் இறங்கி வெளியே போகின்றன. அவை அடைத்தால் மேல்கூரையின் துணியில் கறை படியும். சில சமயம் ஓட்டுபவரின் மடியிலேயே சொட்டும். குழாய்கள் இன்னும் மெல்லியவை என்பதால் இங்கே இன்னும் மென்மையான கை தேவை.

நிழலுக்காக வேப்ப மரத்தடியில் காரை நிறுத்துவது நம் ஊர் வழக்கம். வெயிலிலிருந்து பெயின்ட்டைக் காப்பாற்றும் அதே மரம், பூவும் சருகுமாக உதிர்த்துத் துளையை நிரப்புகிறது. எனவே சோதனைக்கு நல்ல நேரம் மழைக்கு முன்பு. மேற்குக் கரையில் ஜூன் பிறப்பதற்குள், தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழைக்குள். மழை ஓய்ந்த பிறகு இன்னொரு முறை.

என்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய தேதியை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள்கூட, தங்கள் காரின் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள், வீணாகப் புதுக் கூரை மாட்டியவரிடம் விசாரித்துக்கொள்ளலாம்.